நாற்காலியில் யார்? வீட்டுக்குள் காட்சி அமைத்து ஒரு குடும்பப் படம்

உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ ஒரு பழைய ஸ்டூடியோ படம் இருக்கும். எடுத்துப் பாருங்கள். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆயா பக்கத்தில் நிற்பார். தாத்தாவின் கைக்கடிகாரம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சட்டைக் கை கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். பின்னால் தீட்டிய திரையில் வளைந்த மாடிப்படி, தூண், ஏரி. நம் சேலம் ஜில்லாவில், கெங்கவல்லியிலோ ஆத்தூரிலோ அந்த மாதிரி மாடிப்படி யார் வீட்டில் இருந்தது? அதற்காக அந்தப் படத்தைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை.

யார் உட்காருவது, யார் நிற்பது, யாருடைய கை எங்கே இருப்பது என்று ஒருவர் முடிவு செய்து எடுத்த படம் அது. அதைத்தான் இந்த அத்தியாயத்தில் நீங்கள் செய்யப் போகிறீர்கள். ஸ்டூடியோக்காரர் உங்கள் வீட்டைத் திரையால் மறைத்தார். நீங்கள் திரையைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டையே செட்டாக்கப் போகிறீர்கள். விலையுயர்ந்த கேமரா வேண்டாம். இரண்டு கைபேசி, ஒரு மாலைப்பொழுது, பொறுமை உள்ள மூன்று பேர் போதும்.

முன்னே போனவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

கோட்பாடு இவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பாடம்.

*பழைய ஸ்டூடியோக்கள்.* தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய குடும்பப் படங்களைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடி எண்ணிமப் பிரதி எடுத்திருக்கிறது. நாற்காலி, நிற்கும் வரிசை, கையில் பிடித்த பொருள் என்று இந்த வகைப் படங்களில் எல்லாவற்றுக்கும் அர்த்தம் உண்டு. பாடம்: இடமே கதை.

*புஷ்பமாலா என்.* பெங்களூரைச் சேர்ந்த கலைஞர். ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்களைப் பற்றி ஒரு படவரிசை செய்தார். ரவிவர்மாவின் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, சினிமாக் காட்சியில் வந்த ஜெயலலிதா என்று நாம் பார்த்துப் பழகிய உருவங்களாக அவரே வேடமிட்டு நின்றார். பாடம்: எல்லோருக்கும் தெரிந்த ஒரு படத்திலிருந்து தொடங்குங்கள். பார்ப்பவர் அதை அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் நீங்கள் மாற்றியது கண்ணில் படும்.

*கேரி மே வீம்ஸ்.* அமெரிக்கக் கலைஞர். 1990இல் ஒரே சமையலறை மேசை, மேலே தொங்கும் ஒரே விளக்கு, இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் காதல், தாய்மை, தனிமை எல்லாவற்றையும் இருபது படங்களில் காட்டினார். அந்தப் பெண்ணாக நடித்ததும் அவரே. பாடம்: ஒரே இடம், ஒரே விளக்கு.

*கௌரி கில்.* மகாராஷ்டிராவின் ஜவ்ஹார் பகுதியில் காகிதக்கூழ் முகமூடி செய்யும் பழங்குடிக் கலைஞர்களோடு 2015இல் ஒரு வேலையைத் தொடங்கினார். அவர்கள் செய்த முகமூடிகளை அணிந்துகொண்டு ஊர்க்காரர்கள் அன்றாடக் காட்சிகளை நடித்தார்கள். பாடம்: படத்தில் இருப்பவரும் படத்தை உருவாக்குபவரே.

அடுத்தவர் ஊர் உதாரணமே வேண்டாம் என்றால், 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்தில்தான் இருந்தது. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்ற வண்ணப்படம் 1956இல் அங்கிருந்து வந்தது. அட்டையில் குகை கட்டிப் பழகிய ஜில்லாவுக்கு ஒரு ஹாலை ஒழுங்கு செய்வது பெரிய வேலையா?

காட்சியைத் தேர்ந்தெடுக்கும் முறை

புதியவர்கள் முதலில் சண்டை, அழுகை, மரணம் என்று பெரிய விஷயங்களுக்குப் போவார்கள். நடிக்கத் தெரியாத வீட்டாரை அழச் சொன்னால் படம் நாடகமாகிவிடும். வீட்டில் தினம் நடப்பதும் யாரும் படமெடுக்காததுமான ஒன்றைத் தேடுங்கள். ஒரு வாரம் சும்மா கவனித்து நோட்டில் எழுதுங்கள்.

இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொண்ட காட்சி கெங்கவல்லியில் ஒரு வீட்டில் கிடைத்தது. அப்பா துபாயில் டிரைவர். அம்மா மரவள்ளி சீசனில் ஜவ்வரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறார். மாலை ஆறே முக்காலுக்கு வீடியோ அழைப்பு வரும். அங்கே அப்போது ஐந்தேகால். ஆயா கைபேசியை வாங்கினால் காதில் வைத்துக்கொள்வார். அப்பாவுக்குத் தெரிவது தாயின் காதும் கம்மலும் மட்டும். “ஆயா, முகத்துக்கு நேரா புடி” என்று பேரன் தினமும் சொல்கிறான். ஆயா தினமும் காதில்தான் வைக்கிறார்.

குடும்பம், பிழைப்பு, தூரம், இன்றைய காலம் எல்லாமே இதில் வந்துவிட்டது. இதற்குப் பழைய ஸ்டூடியோ படத்தின் அமைப்பைக் கொடுத்தேன். அப்பாவுக்கான நாற்காலியில் அப்பா இல்லை. அவர் முகம் தெரியும் கைபேசி சாய்ந்திருக்கிறது. மற்றவர்கள் வழக்கம்போலச் சுற்றி நிற்கிறார்கள். அவ்வளவுதான்.

> குறிப்பு: ஒரு படத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். நாற்காலியில் கைபேசி என்றால் மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். இரண்டு மாற்றம் செய்தால் பார்ப்பவர் எதைப் பார்ப்பது என்று திணறுவார்.

எடுத்து வைக்க வேண்டியவை

- படமெடுக்க ஒரு கைபேசி, காட்சிக்கு இன்னொரு கைபேசி
- டிரைபாட். இல்லையென்றால் ஸ்டூலின் மேல் அரிசி நிரப்பிய துணிப்பை. கைபேசியை அதில் அழுத்தி நிறுத்தலாம்
- ஒரு நாற்காலி. பழைய ஒயர் நாற்காலி இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் சேரும் தவறில்லை
- வெள்ளை வேட்டி ஒன்று, தெர்மாகோல் அட்டை ஒன்று
- 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு
- கோலமாவு ஒரு பிடி (எதற்கு என்று கீழே வருகிறது)

வேலை வரிசை

*முந்தைய நாள்*

1. தாளில் வரையுங்கள். குச்சி மனிதர்கள் போதும். யார் எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறார், கையில் என்ன என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். வரைய முடியாத காட்சியை எடுக்கவும் முடியாது.

2. வீட்டாரிடம் காட்டுங்கள். “இப்படி நடக்குமா நம்ம வீட்ல?” என்று கேளுங்கள். திருத்தம் சொல்வார்கள். என் தாளில் அம்மா நாற்காலிக்குப் பின்னால் நின்றார். “அந்நேரத்துக்கு நான் எங்கங்க சும்மா நிக்கிறேன், அடுப்படி நிலையில நின்னுக்கிட்டே பேசுவேன்” என்றார். நிலைப்படிக்கு மாற்றினேன். படத்தின் உயிரே அந்த நிலைப்படிதான்.

3. துபாயில் இருப்பவரையும் கேளுங்கள். அவர் முகமும் படத்தில் இருக்கிறது. அவர் சம்மதத்தோடு வீடியோ அழைப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயரும் எண்ணும் தெரியாதபடி வெட்டி வையுங்கள்.

*மாலை 5 மணி*

4. கேமராவின் இடத்தை முடிவு செய்யுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் எல்லோரும் அடங்க மாட்டார்கள். 0.5 லென்ஸுக்கு மாறாதீர்கள். ஓரத்தில் நிற்பவர் இழுத்த ரப்பர் போல அகலமாவார். 1 என்ற லென்ஸிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்கோ திண்ணைக்கோ பின்வாங்கி, கதவு வழியாக எடுங்கள். உயரம் உட்கார்ந்தவரின் கண்மட்டம், ஏறக்குறைய மூன்றரை அடி.

5. நாற்காலியை முன்னே இழுங்கள். எட்டடி தூரத்தில் கைபேசித் திரை தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். அப்பா முகம் புள்ளியாகிவிடும். நாற்காலி கேமராவிலிருந்து நான்கடியில் இருக்கட்டும். மற்றவர்கள் ஏழெட்டு அடியில் நிற்கட்டும். கைபேசிக் கேமராவில் முன்னும் பின்னும் ஓரளவு தெளிவாகவே விழும். ‘போர்ட்ரெய்ட்’ முறையை மட்டும் அணைத்துவிடுங்கள். அது பின்னால் நிற்பவர்களை மங்கலாக்கிவிடும்.

6. கோலமாவால் குறி வையுங்கள். ஒவ்வொருவரின் கட்டைவிரல் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு. டீ குடிக்கப் போனாலும் திரும்பி வந்து அதே இடத்தில் நிற்பார்கள். வெள்ளைத் தரையென்றால் செம்மண் பொட்டு.

7. வெளிச்சத்தை ஒரே பக்கத்திலிருந்து கொண்டுவாருங்கள். சன்னலில் வேட்டியை இரட்டையாகக் கட்டினால் வெளிச்சம் பால்போலப் பரவும். எதிர்ப்பக்கம் முகம் இருண்டால் தெர்மாகோல் அட்டையைச் சட்டத்துக்கு வெளியே சாய்த்து வையுங்கள். அடுப்படியில் ஒரு பல்பு எரியட்டும். நிலைப்படியில் நிற்கும் அம்மாவின் தோளில் அது ஒரு கோடு போடும்.

8. காட்சிக் கைபேசியைத் தயார் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை முழுத்திரையில் வையுங்கள். தானியங்கி வெளிச்சத்தை அணைத்து, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையுங்கள். முழு வெளிச்சத்தில் விட்டால் வெள்ளைக் கட்டமாகத்தான் விழும். திரை அணையும் நேரத்தைப் பத்து நிமிடமாக்குங்கள். மடித்த துண்டின் மேல் சாய்த்து வைத்து, மேலே உள்ள டியூப்லைட் திரையில் கோடு விழாத கோணத்துக்குத் திருப்புங்கள்.

*மாலை 6.20 முதல் 6.45 வரை*

நம் பக்கத்தில் அந்தி நீளாது. பொழுது இறங்கி இருபது நிமிடத்தில் சன்னல் நீலம் கருப்பாகிவிடும். அந்த இருபது நிமிடத்தில்தான் வெளி வெளிச்சமும் வீட்டு விளக்கும் சமமாக இருக்கும். மேலே உள்ள நேரம் தோராயம்தான்; அன்று பொழுது இறங்கும் நேரத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் அரை மணி நேரம் வரை முன்னாலேயே தொடங்குங்கள்.

9. அளவுகளைப் பூட்டுங்கள். பேரன் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். ‘புரோ’ முறை இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். இதற்குப் பொருந்தாத வேகத்தில் எடுத்தால் படத்தில் கருப்புப் பட்டைகள் விழலாம்.

10. வேலை கொடுங்கள், பாவனை கேட்காதீர்கள். “சோகமா இருங்க” என்று சொல்லாதீர்கள். “ஆயா, அந்தத் துண்டை மடிங்க” என்று சொல்லுங்கள். கைக்கு வேலை வந்தால் முகம் தன்னால் நிஜமாகும்.

11. மூன்று சுற்று எடுங்கள். முதல் சுற்று ஒத்திகை, பத்துப் படம். இரண்டாவது சுற்று வரைந்தபடி, இருபது படம். மூன்றாவது சுற்றில் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துவிட்டு நிஜ அழைப்பைப் போட்டு, ஒன்றும் சொல்லாமல் எடுங்கள்.

12. “முடிஞ்சுது” என்று சொன்ன பிறகும் ஐந்து படம் எடுங்கள். எனக்கு நல்ல படம் கிடைத்தது அப்போதுதான். கால் வலித்த பேரன் நாற்காலியில் உட்காரப் போனான். ஆயா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்: “டேய், அப்பன் உக்காந்திருக்கான்ல!” நாற்காலியில் இருந்தது ஆறு அங்குலக் கைபேசி.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

*வீடு காணாமல் போவது.* என் முதல் முயற்சி இதில்தான் கெட்டது. “நாளைக்குப் போட்டோ” என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனால் கொடியில் கிடந்த துணி இல்லை, மூலையில் இருந்த மரவள்ளிக் கிழங்குச் சாக்கு இல்லை, டி.வி. மேல் புதுத் துணி. எல்லோரும் கல்யாணப் பட்டில் இருந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது; போட்டோ என்றால் நம் ஊரில் அதுதான் அர்த்தம். இப்போதெல்லாம் முந்தைய நாளே ஹாலைக் கைபேசியில் எடுத்து, “இப்படியே இருக்கணும்” என்று காட்டிவிட்டு வருகிறேன். பட்டில் ஒரு படமும் முதலில் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அது அவர்கள் படம். அடுத்தது நம் படம்.

*எல்லோரும் கேமராவைப் பார்ப்பது.* ஒருவர் மட்டும் பார்க்கலாம், அல்லது யாருமே பார்க்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் பார்க்க ஒரு பொருளைச் சொல்லுங்கள்: கதவுத் தாழ்ப்பாள், கடிகாரம், அடுப்பு.

*வரிசையாக நிற்பது.* தலைகள் ஒரே மட்டத்தில் இருந்தால் பள்ளிக்கூடக் குரூப் போட்டோ. ஒருவர் உட்கார, ஒருவர் சாய, ஒருவர் பாதி மறைய வேண்டும்.

*ஏழ்மையைச் செட் போடுவது.* இல்லாத கிழிசலைக் கொண்டுவந்து வைப்பது, கேஸ் அடுப்பை மறைத்து விறகு அடுப்பைக் காட்டுவது. கிராமத்தில் கைபேசியும் உண்டு, ஃபிரிட்ஜும் உண்டு. இருப்பதைக் காட்டுங்கள்.

*மற்ற சாதியின், சமூகத்தின் உடையை வேடிக்கைக்கு உடுத்துவது.* வேண்டாம். யார் நிற்கிறார், யார் உட்கார்கிறார், யார் வாசலோடு நின்றுவிடுகிறார் என்பதற்கு நம் ஊரில் கனமான பொருள் உண்டு. அதைப் பற்றியே படமெடுக்க நினைத்தால், அதை அனுபவித்தவர் தீர்மானிக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு

1. மின்சாரம். ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பல்பும் சார்ஜரும் மட்டும். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் கூடாது. வயரை நடைபாதையின் குறுக்கே விடாதீர்கள், சுவரோரம் ஒட்டுங்கள். தரை ஈரமாக இருந்தால் காயும்வரை பிளக்கைத் தொடாதீர்கள்.
2. ஹாலஜன் விளக்கு வேண்டாம். கல்யாண வீடியோக்காரரிடம் இரவல் கிடைக்கும், ஆனால் கொதிக்கும். வேட்டியோ தெர்மாகோலோ பக்கத்தில் இருந்தால் பற்றிக்கொள்ளும்.
3. அடுப்படிக் காட்சி. அடுப்பை எரியவிட்டு ஒத்திகை பார்க்காதீர்கள். தீ தெரிய வேண்டுமானால் கடைசிச் சுற்றில் மட்டும் பற்றவைத்து, முந்தானையைச் செருகச் சொல்லுங்கள். ஒருவர் ரெகுலேட்டர் பக்கத்திலேயே நிற்கட்டும்.
4. கிணறு, மொட்டை மாடி. நம் தோட்டத்துக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. “இன்னும் ஓரடி பின்னால போங்க” என்ற வார்த்தையைக் கிணற்றடியிலும் கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலும் சொல்லவே சொல்லாதீர்கள். ஆளை நகர்த்தாமல் கேமராவை நகர்த்துங்கள்.
5. வயதானவர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வைக்காதீர்கள். வெளிச்சம் பார்க்கும்போது அவர் இடத்தில் வேறொருவர் நிற்கட்டும்.

சம்மதமும் மரியாதையும்

- படம் எங்கே போகும் என்று முதலிலேயே சொல்லுங்கள்: வீட்டுச் சுவருக்கா, கண்காட்சிக்கா, சமூக வலைத்தளத்துக்கா. ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சம்மதம் வாங்குங்கள்.
- குழந்தையிடமும் கேளுங்கள். தாய் சரி என்று சொல்லியும் குழந்தை முகத்தைத் திருப்பினால், வேண்டாம் என்று அர்த்தம்.
- குளிப்பது, உடை மாற்றுவது, அடிபட்டு அழுவது போன்ற குழந்தைக் காட்சிகளை எடுக்காதீர்கள்.
- சட்டத்தின் மூலைகளைப் பாருங்கள். ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், வண்டி நம்பர், பள்ளி பேட்ஜ், காலண்டரில் எழுதிய தொலைபேசி எண் எதுவும் படிக்கும்படி இருக்கக் கூடாது.
- எடுத்த படங்களை அங்கேயே காட்டுங்கள். “இது வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால் அவர் கண்ணெதிரே அழியுங்கள்.

எடுத்த பிறகு

1. அன்றைக்கே தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அன்று நீங்கள் பட்ட பாடு மறந்திருக்கும். படம் மட்டும் தெரியும்.
2. வெளிச்சம், கோணல் இரண்டை மட்டும் திருத்துங்கள். முகத்தை வெள்ளையாக்கும் பில்டரைத் தொடாதீர்கள்.
3. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ‘டாகுமென்ட்’ ஆக அனுப்புங்கள்.
4. 12 மெகாபிக்சல் படத்தை 300 டி.பி.ஐ.யில் அச்சிட்டால் 10க்கு 13 அங்குலம் வரை நன்றாக வரும். ஆத்தூரிலோ சேலத்திலோ கலர் லேபில் மேட் தாளில் போடச் சொல்லுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணாடி போல மின்னாது.
5. ஒரு பிரதி அந்த வீட்டுக்கு. இதை மறந்தவருக்கு அடுத்த முறை அந்தக் கதவு திறக்காது.
6. தலைப்பு சிறியதாக இருக்கட்டும். “அப்பா, மாலை 6.45” போதும். படத்தில் தெரிவதைத் தலைப்பில் மறுபடி சொல்லாதீர்கள்.

இந்த வாரப் பயிற்சி

1. உங்கள் வீட்டுப் பழைய ஸ்டூடியோ படத்தை எடுத்து, யார் எங்கே என்று தாளில் வரையுங்கள்.
2. அதே இடங்களில் இன்றைய குடும்பத்தை நிறுத்துங்கள். நாற்காலி ஒன்றுதான். யார் உட்காருவது என்று நீங்கள் சொல்லாமல் வீட்டாரையே முடிவு செய்யவிட்டு, அந்தப் பேச்சை நோட்டில் எழுதுங்கள்.
3. அவர்கள் முடிவு செய்தபடி ஒரு படம் எடுங்கள். பிறகு நாற்காலியில் இருப்பவரை மட்டும் மாற்றி இன்னொன்று எடுங்கள்.
4. இரண்டையும் பழைய படத்தின் பக்கத்தில் வைத்து, வீட்டில் எல்லோருக்கும் இளையவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் எந்தப் படத்தின் முன்னால் அதிக நேரம் நிற்கிறாரோ, அடுத்த அத்தியாயத்துக்கு அந்தப் படத்தோடு வாருங்கள்.